மூன்று மணி ஐம்பத்து நான்கு நிமிடம்

எந்த மகராசன் கண்டுபிடித்த சூத்திரமோ, அந்த அலுவலகத்தில் எல்லோருக்கும் அதுதான் வேதவாக்கு. இரண்டு விமான நிலையங்களுக்கு இடையே உள்ள நேர்கோட்டுத் தூரத்தை எடு, எண்ணூறால் வகு, ஏறி இறங்க அரை மணி சேர். பயண நேரம் தயார். அந்த வழியில் விமானம் ஏதாவது பறக்கிறதா என்று பார்ப்பது யாருடைய வேலையும் இல்லை. டிக்கெட் விற்கும் இணையதளத்துக்காக இப்படி நாளுக்கு நாற்பது பக்கம் எழுதித் தள்ளினான் அவன். ஒருமுறை வாய் திறந்து கேட்டதற்கு, "தேடி வர்றவங்களுக்கு ஒரு நம்பர் வேணும், குடுத்துட்டோம். நீ ஏம்பா குடையுற?" என்றார் மேலாளர். அவனும் குடைவதை விட்டுவிட்டான்.

மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கும்போது தங்கை கூப்பிட்டாள். அம்மா இருப்பது அவளோடு, வேறு நாட்டில்.

"அண்ணா, இதய ஆபரேஷனை இனி தள்ளிப்போட முடியாதாம். உன்னைப் பாக்காம உள்ள போக மாட்டேன்னு அம்மா ஒரே பிடியா நிக்குறாங்க. நாளைக்கு சாயங்காலம் அஞ்சு மணிக்கு நேரம் வாங்கிட்டேன். காலைல கிளம்பினா மத்தியானம் வந்துடுவே இல்ல?"

"மத்தியானமா? யாரு சொன்னா?"

"உங்க சைட்லதான் போட்டிருக்கு. ரெண்டாயிரத்து எழுநூத்து இருபது கிலோமீட்டர், மூணு மணி அம்பத்துநாலு நிமிஷம். அம்மாவுக்கும் படிச்சுக் காட்டினேன்."

அந்தப் பக்கத்தை எழுதிய புண்ணியவானே அவன்தான். போனை வைத்துவிட்டு டிக்கெட் தேடினான். நேர் விமானம் கிடையவே கிடையாது. இரண்டு ஊர்களில் இறங்கி ஏற வேண்டும், மொத்தம் பத்தொன்பது மணி நேரம். இன்றைக்கு ஓர் இடமும் இல்லை. நாளைக் காலை கிளம்பினால் மறுநாள்தான் போய்ச் சேர முடியும். எரிச்சலில் விசைப்பலகையைக் குத்தினான். பக்கத்து மேசைக்காரி திரும்பிப் பார்த்தாள்.

மேலாளரிடம் ஓடினான். "சார், எங்கம்மா இருக்கிற ஊருக்கு நான் போகணும். அந்த வழிக்கு நான் எழுதின பக்கத்தை எடுத்துடுங்க. பொய் சார் அது."

"நல்லா ஆள் வர்ற பக்கம்பா. உனக்குப் பயணம் வந்ததும்தான் ஞானம் வருதா?"

வெளியே வந்து தங்கையைக் கூப்பிட்டான். ஒரு நாள் தள்ள முடியுமா என்று கேட்டான். "டாக்டர் நாளன்னைக்கு லீவுல போறார். திரும்ப பத்து நாள் ஆகும். அவ்வளவு நாள் அம்மா தாங்க மாட்டாங்கண்ணா. நீயே பேசு" என்று போனை அம்மாவிடம் கொடுத்தாள்.

"அம்மா, அதுல போட்டிருக்கிறது தப்பும்மா. நேரா ப்ளேன் கிடையாது. பத்தொம்பது மணி நேரம் ஆகும். எனக்காகக் காத்திருக்காம உள்ள போயிடும்மா."

அம்மாவுக்கு மூச்சு வாங்கியது. "நீ எழுதினதுன்னு இவ சொன்னாளே."

"நான் எழுதினதுதாம்மா."

"மூணு வருஷமா கூப்பிடுறேன். தூரம், ரெண்டு ப்ளேன் மாறணும், லீவு பத்தாதுன்னே. நானும் நம்பினேன். ஊருக்கெல்லாம் நாலு மணி நேரம்னு எழுதுறே, எனக்கு மட்டும் பத்தொம்பதாடா?"

மூன்று வருடமும் அவன் சொன்னது சத்தியமான உண்மை. அதை இப்போது எந்த வாயால் சொல்வது?

"அம்மா..."

"சரி விடு. நான் உள்ள போறேன். நீ ஒண்ணும் அவசரப்பட்டு வர வேண்டாம்."