நீல டேப் சுற்றிய சுத்தியல்

பட்டறைத் தரையில் சாக்கு மூட்டை தொம்மென்று விழுந்த சத்தத்தில் டர்னர் கையிலிருந்த கரண்டி நழுவியது. நல்லவேளை, அதில் ஈயம் இல்லை.

வாசலில், அவன் முன்பு கடைசல் லேத் ஓட்டிய கம்பெனியின் ஃபோர்மேன் நின்றிருந்தார். அவனுடைய அக்கா புருஷன். இரண்டு வருடமாக இந்தப் படியை மிதிக்காதவர்.

டர்னர் "வாங்க" என்றுகூடச் சொல்லவில்லை. அவன் மனைவிதான் முக்காலியை இழுத்துப் போட்டாள். அவர் உட்காரவில்லை. இப்போது கம்பெனிக்கு ஈயச் சுத்தியல் ஊற்றித் தருகிறவன் பட்டறையை மூடிவிட்டானாம். மூட்டையில் இருப்பதெல்லாம் அடித்து அடித்துச் சப்பிப்போன பழைய சுத்தியல்கள். உருக்கிப் புதிதாக வார்த்துத் தர வேண்டும், சாயங்காலம் வந்து எடுத்துக்கொள்கிறேன் என்று மூச்சு விடாமல் சொல்லி முடித்தார். படி இறங்கியவர் திரும்பினார்.

"நாளைக்கு பெரிய ரோலர் லேத்துல ஏறுது. நானே பூட்டப் போறேன். எனக்குன்னு ஒண்ணு நல்லதா ஊத்தி வை மாப்ளே. உன் பழைய வேலையைக் காட்டிடாத."

ஸ்கூட்டர் தெருமுனை திரும்பும்வரை டர்னர் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றான்.

பழைய வேலை! பளபளவென்று கடைந்த உருப்படியை லேத்தில் நேராக்க மெல்லத் தட்ட வேண்டியிருக்கும். இரும்பால் தட்டினால் வடு விழும். ஈயம் என்றால் அதுவே நசுங்கிக்கொள்ளும், உருப்படிக்கு ஒன்றும் ஆகாது. அப்படித்தான், வேலையிலிருந்த அந்தக் கடைசி நாளிலும் தட்டினான். ஷாஃப்ட்டில் விரல் நுனி புதைகிற அளவுக்குப் பள்ளம் விழுந்தது. இரும்புச் சுத்தியலால் அடித்துவிட்டு ஈயத்தை மாற்றி வைத்திருக்கிறான் என்று அத்தான் மொத்த ஷெட்டுக்கும் கேட்கிற மாதிரி சொன்னார். சுத்தியலை வெட்டிப் பாருங்கள் என்று அவன் கெஞ்சினான். அதற்குள் அதைத் தூக்கிக் கழிவுக் குவியலில் எறிந்திருந்தார்கள். வேலை போனது. 'பள்ளம்' என்ற பட்டப்பெயர் மட்டும் மிஞ்சியது. தெருவில் பழைய சகாக்கள் அதைச் சொல்லித்தான் நலம் விசாரித்தார்கள்.

அப்போதெல்லாம் கம்பெனிக்குச் சுத்தியல் வார்த்துக் கொடுத்தவள் அவன் மனைவி. இந்தப் பட்டறையே அவள் அப்பாவுடையது. அவளையும் அத்தான் விட்டுவைக்கவில்லை. அந்தப் பள்ளத்துக்கும் முன்னால் ஒருமுறை, சமையல்கட்டில் ஊற்றியதெல்லாம் சுத்தியல் ஆகிவிடுமா என்று கேட்டு, அவள் கொண்டுபோன சுத்தியல்களை கேட் வாசலில் கொட்டினார். வாட்ச்மேன் உட்பட எல்லோரும் சிரித்தார்கள். அவள் ஒவ்வொன்றாகப் பொறுக்கிக்கொண்டு வந்தாள். வீட்டில் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை.

ஈரம் பட்ட அச்சில் ஈயம் ஊற்றினால் வெடித்து முகத்தில் தெறிக்கும். அதனால் அவள் அச்சுகளைக் காயவைக்கக் கொல்லைப்புறம் எடுத்துப் போனாள். டர்னர் மூட்டையை அவிழ்த்தான். நாலாவதாக வந்த சுத்தியலைப் பார்த்ததும் கை நின்றது. பிடியில் நீல டேப். அவனே சுற்றியது. கழிவுக் குவியலில் எறிந்த அன்றைய சுத்தியல்.

அதன் தலையை ஈயம் உருக்கும் சட்டிக்குள் தொங்கவிட்டான். ஈயம் சொட்டுச் சொட்டாகக் கழன்று பைப் பிடி மட்டும் வெளியே வந்தது. பிடியின் முனையில் குறுக்கே ஒரு துளை போட்டிருப்பார்கள். அதற்குள் ஈயம் புகுந்து இறுகினால்தான் தலை கழன்று ஓடாது. இதில் அந்தத் துளைக்குள் ஒரு இரும்பு போல்ட் இருந்தது. அதன் தலை சுத்தியலின் அடிக்கிற முகம்வரை நீண்டிருந்தது. மேலே தோல் மாதிரிதான் ஈயம் இருந்திருக்க வேண்டும்.

அவனுக்கு எல்லாம் நினைவு வந்தது. அன்று காலை, இந்தா மாப்ளே, புதுசு, நீயே வச்சுக்கோ என்று இதைக் கையில் திணித்தவரே அத்தான்தான். ஈயத்தை உருக்கி உள்ளே போல்ட் வைக்கத் தெரியாத ஆளா அவர்?

டேப்பைப் பிய்த்து எறிந்தான். அதே பிடி, அதே போல்ட். கொடுத்ததைத் திருப்பிக் கொடுப்பதில் ஒரு ருசி இருந்தது. மனைவி கொண்டுவந்து வைத்துவிட்டுப் போன அச்சில் பிடியைப் பொருத்தி, கசடு ஒதுக்கி, ஒரே வீச்சில் ஊற்றினான். நாளை ரோலரில் பள்ளம் விழும். ஷெட்டே பார்க்கும். அத்தானும் சத்தியம் செய்வார். எவன் நம்புவான்?

மற்ற சுத்தியல்களை வார்த்து முடித்த பிறகுதான் மனைவியிடம் சொன்னான். சொல்லும்போதே சிரிப்பு வந்தது. அவள் சிரிக்கவில்லை. அந்தச் சுத்தியலைத் தூக்கி, அதன் முகத்தைக் கட்டைவிரலால் தடவினாள்.

"அந்த போல்ட் தலையில ஒரு பக்கம் அரம் போட்டுத் தேய்ச்சிருந்துச்சா?"

"ஆமா. நீதான் பார்க்கவே இல்லையே, உனக்கெப்படித் தெரியும்?"

வெளியே ஸ்கூட்டர் ஹாரன் அடித்தது. அவள் சுத்தியலைக் கீழே வைக்கவில்லை.

"புதுசு எது வந்தாலும் அண்ணன்தான் முதல்ல எடுத்துக்குவார்னு நம்பி, அவருக்குன்னு நான் வச்ச போல்ட்டுங்க அது. உங்களுக்குத் தூக்கிக் கொடுப்பார்னு யார் கண்டா?"