கனகசபை ஐயாவின் கினிப்புல்

கனகசபை ஐயாவுக்குக் காடு வளர்க்கும் ஆசை வந்ததில் தோட்டக் கூலிக்காரி இராக்கம்மாவுக்கு ஒரு குறையும் இல்லை. யாழ்ப்பாணத்து மனுசர், பதுளைக் கந்தோரில் கிளாக்கராக இருந்து பென்ஷன் எடுத்தவர். பசறைக்கு மேலே கைவிட்டுக் கிடந்த தேயிலைச் சரிவில் நாலு ஏக்கர் வாங்கி, இந்த மலைக்கே உரிய மரங்களை நடட்டும், யார் வேண்டாம் என்றது? ஆனால் அங்கே ஆளுயரம் நின்ற கினிப்புல்லைப் பிடுங்கு என்றாரே, அதில்தான் அவளுக்கு வயிறு எரிந்தது. அவள் குடியிருந்த லயத்துக்குப் பின்னால் கட்டியிருந்த அவளுடைய செவலைப் பசு அந்தப் புல்லில்தான் உயிர் வைத்திருந்தது. தேயிலைத் தோட்டத்துக்குள் அறுத்தால் காவல் நிற்கும் வாச்சர் அரிவாளைப் பிடுங்கிக்கொள்வான். வேறு புல்லுக்கு அவள் எங்கே போவாள்?

கூலிக்குப் போனவள் புல்லைப் பிடுங்கவில்லை, அறுத்தாள். வேருக்கு நாலு விரல் மேலே அறுத்து, மண்ணைக் கிளறி மூடிவிட்டாள். நாள் சம்பளமும் ஆயிற்று, மாட்டுக்கு ஒரு தலைச்சுமையும் ஆயிற்று. ஒரு மழை விழுந்ததும் புல் முன்னிலும் அடர்த்தியாய்க் கிளம்பி, ஐயாவின் நாகமரக் கன்றுகளை அமுக்கியது.

ஐயா லேசுப்பட்டவரா? குந்தி உட்கார்ந்து ஒரு தூரை விலக்கிப் பார்த்தார். அரிவாள் பட்ட தடம் பல்லிளித்தது. கள்ளி என்று லயமே கேட்கத் திட்டினார். மறுநாள் குடையும் கதிரையுமாக வந்து சரிவின் மேலே உட்கார்ந்துவிட்டார். ஒரு வேர் மிஞ்சக் கூடாதாம், கிண்டிய புல்லை அங்கேயே கொளுத்த வேண்டுமாம், மாட்டேன் என்றால் பொலிசுக்குப் போவாராம்.

அடைமழைக்கு ஒன்றரை மாதம்கூட இல்லை. இந்த மாதிரிச் சரிவில் ஒரே மூச்சாய்ப் புல்லை எடுக்கக் கூடாது. ஒரு பட்டை எடுத்தால் ஒரு பட்டை விட வேண்டும், கன்று வேர் பிடித்த பிறகுதான் மிச்சத்தைத் தொட வேண்டும். புல்லுவெட்டுக்குப் போன எந்தப் பொம்பளைக்கும் அது தெரியும். சொல்லத்தான் வாயெடுத்தாள்.

"ஐயா, இப்படி மொத்தமா எடுத்தா..."

"உன்ர கள்ளப் புத்தி எனக்குத் தெரியும். வாயை மூடிக்கொண்டு கிண்டு."

மூடிக்கொண்டாள். வேர்நுனிகூட விடாமல் கிண்டினாள். சரிவு மொட்டையானதைப் பார்த்து ஐயாவின் முகம் மலர்ந்தது. பசுவோ மூன்றே வாரத்தில் எலும்பும் தோலுமானது, பாலும் வற்றியது. வெலிமடைக்காரன் ஒருவன் அதை விலைக்கு வாங்கி லொறியில் ஏற்றிக்கொண்டு போனபோது இராக்கம்மா வீட்டை விட்டு வெளியே வரவே இல்லை.

பிறகு மழை பிடித்தது. மூன்றாம் நாள் சரிவின் மேல்மண் அத்தனை கன்றுகளோடும் வழுகி ரோட்டில் வந்து விழுந்தது. ஐயா ஆள் அனுப்பினார், போனாள். முழங்கால் சேற்றில் நின்றுகொண்டிருந்தார்.

"இப்பிடி ஆகுமெண்டு உனக்கு முந்தியே தெரியுமோ?"

தெரியாது என்றால் அதோடு முடிந்திருக்கும்.

"தெரியும் ஐயா."

"பிறகேன் சொல்லேல்லை? ஒவ்வொண்டும் நான் விதை தேடிப் போட்ட கண்டு."

"மொத நாளு சொல்ல வந்தேன், நீங்க விடல. அப்புறம் சொல்ல எவ்வளவோ நேரம் இருந்துச்சு. மாட்ட வித்த அன்னிக்கும் மழைக்கு ஒரு வாரம் இருந்துச்சு. தண்ணி ஓட குறுக்க நாலு கான் வெட்டியிருந்தாக்கூட மண்ணு நின்னிருக்கும். சொல்லல. எம் மாடு போச்சு, ஒங்க காடும் போகட்டும்னு இருந்தேன்."

சொல்லிவிட்டால் மனசு ஆறும் என்றுதான் இராக்கம்மா நினைத்திருந்தாள். ஆறவில்லை. லயத்தைப் பார்த்து நடந்தாள்.