மூன்றாவது புள்ளடி

துறைமுகத்துப் பக்கத்து மீன் குளிரறையில் இரண்டு பெட்டி இறால் களவு போனது. கள்ளனைப் பிடிக்க மனேஜர் வேலைக்கு எடுத்த புதுக் காவல் அதிகாரி துவாரகன் கதவையும் பார்க்கவில்லை, பூட்டையும் பார்க்கவில்லை. கதிரையொன்றைப் போட்டு, வேலையாட்களை வரிசையில் விட்டு, அடிமட்டத்தால் அவர்களின் தாடையை அளக்கத் தொடங்கினார்.

நூற்றைம்பது வருசத்துக்கு முன் இத்தாலியில் ஒரு டொக்டர் சிறையிலிருந்த மறியற்காரரின் மண்டைகளை அளந்து, கள்ளன் பிறக்கும்போதே கள்ளன், அது தாடையிலும் காதிலும் தெரியும் என்றாராம். ஆறுமாத டிப்ளோமாவில் துவாரகன் அதைப் படித்திருந்தார். அது பிழையென்று சொன்ன அடுத்த வகுப்புக்கு மனிசன் போகவில்லைப் போலும்.

அஞ்சலினாவின் முறை வந்தது. பன்னிரண்டு வருசமாகக் குளிரறைப் பூட்டின் திறப்பு அவளுடைய இடுப்பில்தான் இருக்கிறது. தாளில் பெயருக்கு நேரேயுள்ள மூன்று கட்டத்திலும் புள்ளடிக் குறி விழுந்தால் வேலை போகும் என்று காலையிலேயே சொல்லியாயிற்று.

"தாடை பெரிசு," என்று துவாரகன் ஒரு புள்ளடி போட்டார். "காதும் வெளிய தள்ளியிருக்கு." இரண்டு.

"மூஞ்சியைப் பாத்துக் கள்ளரைப் பிடிக்கலாமெண்டா, பொலிசுக்கு நாய் என்னத்துக்கு சேர்?" என்றாள் அஞ்சலினா.

வரிசையில் சிரிப்பு எழுந்து உடனே அடங்கியது. எல்லாருக்கும் வயிறு இருக்கிறதே.

"அகத்தின் அழகு முகத்தில் தெரியும். இது விஞ்ஞானம், அக்கா. கையைக் காட்டுங்கோ."

குளிருக்காக எப்போதும் மணிக்கட்டு வரை மூடியிருக்கும் சட்டைக் கையை அவள் மடித்தாள். முழங்கைக்குக் கீழே 'வின்சன்ட்' என்று பச்சை குத்தியிருந்தது. துவாரகனின் முகம் மலர்ந்தது.

"பச்சை குத்தினதும் ஒரு அடையாளம். மூண்டு! திறப்பைத் தந்திட்டு நீங்கள் போகலாம்."

அஞ்சலினாவுக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது.

"வின்சன்ட் என்ர தம்பி. கடலுக்குப் போனவன், ஒன்பதாம் நாள் சல்லி ஊர்க் கரையில ஒதுங்கினான். முகம் இல்லை சேர். நீங்கள் அளக்கிற தாடையும் இல்லை, காதும் இல்லை, மீன் திண்டிட்டுது. கையில என்ர பேரைப் பச்சை குத்தியிருந்தவன். அதை வாசிச்சுத்தான் நான் அவனைப் பொறுப்பெடுத்தனான். அடக்கம் முடிஞ்ச கிழமையே அவன்ர பேரை நான் குத்தினனான். இது களவுக் குறியெண்டு உங்கட கையால எழுதுங்கோ, பாப்பம்."

துவாரகன் எழுதவில்லை. பேனையை விரலுக்குள் உருட்டிக்கொண்டிருந்தார்.

அவள் அதைப் பறித்தாள். மூன்றாவது புள்ளடி விழவேண்டிய கட்டத்தில் 'என்ர தம்பி' என்று கொட்டை எழுத்தில் எழுதி, கீழே கையெழுத்தும் வைத்தாள்.

"இதை மனேஜரிட்டைக் குடுங்கோ. களவைப் பிடிக்கிறதெண்டா பின்கதவைப் போய்ப் பாருங்கோ. ஒரு மாதமாப் பூட்டு உடைஞ்சு கிடக்கு, நான் ரெண்டுதரம் சொல்லிப்போட்டன். திறப்பு தர ஏலாது."

பின்னால் நின்ற சுமைகாரன் றிக்சன் தன் சட்டைக் கையை மடித்தான். கையில் அவனுடைய மகளின் பெயர் பச்சை குத்தியிருந்தது.

"அளக்கத் தேவையில்லை சேர். எனக்கும் எழுதுங்கோ."

துவாரகன் அடிமட்டத்தை மடியில் வைத்துவிட்டுப் பின்கதவுப் பக்கம் பார்த்தார்.

வள்ளங்கள் கரைக்கு வரும் நேரம். அஞ்சலினா போய்க் குளிரறையைத் திறந்தாள். பனி முகத்தில் அடித்தது. மடித்த சட்டைக் கையை அவள் இறக்கவில்லை.