துரைக்கு இன்னொரு பேர்

நாயாற்றில் இருந்து ஓட்டோ வெளிக்கிட்ட பிறகுதான் ஞானமலருக்கு ஞாபகம் வந்தது. வாசலில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தவள், பாவாடையைத் தூக்கிப் பிடித்தபடி மணலில் ஓடி வந்தாள்.

“அன்னக்கா! பேர் சொல்லேல்லை நான். துரை! துரை எண்டு கூப்பிடுங்கோ, எங்க நிண்டாலும் ஓடி வந்திடுவான்!”

ஓட்டோவின் பின்சீற்றில் நாயின் தலையை மடியில் வைத்துத் தடவிக்கொண்டிருந்த அன்னபாக்கியம் சட்டென்று கையை எடுத்தாள். பக்கத்தில் இருந்த மகள் ஜெயரூபி அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். தோளில் கிடந்த சோலால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கத் தொடங்கியவள், முல்லைத்தீவு ரவுணைத் தாண்டும்வரைக்கும் நிறுத்தவில்லை.

சிரிக்காமல் என்ன செய்வாள்? அன்னபாக்கியத்தின் புருசனுக்குப் பேர் ஐயாத்துரை. அக்கராயனில் சின்னன் பெரிசு எல்லாருக்கும் அவர் துரையண்ணை. கலியாணம் கட்டின நாளில் இருந்து அன்னபாக்கியம் அந்தப் பேரை வாயால் சொன்னதே கிடையாது. அவருக்கு “இஞ்சருங்கோ”, மற்றவர்களிடம் “எங்கட ஆள்”. ஆஸ்பத்திரியில் புருசனின் பேரைக் கேட்டால் அடையாள அட்டையை நீட்டுவாள். சந்தியில் இருக்கிற தங்கத்துரையின் கடைகூட அவளுக்குத் தங்கத்தின்ர கடைதான். அப்படிப்பட்டவளிடம் போய், துரை எண்டு கூப்பிடுங்கோ என்றால்?

நாய் என்னவோ நல்ல நாய். கன்னங்கரேலென்ற உடம்பு, நாலு பாதமும் மட்டும் வெள்ளை. சப்பாத்துப் போட்ட வெள்ளைக்காரத் துரை மாதிரி நடக்கிறான் என்று ஞானமலரின் புருசன் பஸ்தியாம்பிள்ளை வைத்த பேராம். அவர்கள் இரண்டு பேரும் நீர்கொழும்பில் மகளோடு போய் இருக்கப் போகிறார்கள். அங்கே மாடிவீடு, நாய் வைக்க இடமில்லை. கிளிநொச்சிச் சந்தைக்குக் கருவாடு கொண்டுவந்த காலத்தில் இருந்து ஞானமலருக்கும் அன்னபாக்கியத்துக்கும் பழக்கம். அன்னபாக்கியத்தின் வளவிலோ பன்றி புகுந்து மரவள்ளியைக் கிண்டிக்கொண்டிருந்தது. கதை அப்படித்தான் பொருந்தியது. பேர்தான் பொருந்தவில்லை.

வீட்டில் ஐயாத்துரை படலையைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். நாய் இறங்கியதும் அதன் நெஞ்சைத் தட்டிப் பார்த்தார், பல்லைப் பார்த்தார், காதைத் திருப்பிப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது.

“நல்ல சாமான். என்ன பேராம்?”

அன்னபாக்கியம் விறுவிறென்று குசினிக்குள் போய்விட்டாள்.

“உங்கட பேர்தான் அப்பா,” என்றாள் ஜெயரூபி.

“என்ன விசர்க்கதை கதைக்கிறாய்?”

“உண்மையாத்தான். கூப்பிட்டுப் பாருங்கோ.”

ஐயாத்துரை அங்குமிங்கும் பார்த்துவிட்டு, மெல்லிய குரலில், “துரை,” என்றார். நாய் சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்து, முன்னங்காலைத் தூக்கி அவர் கையில் வைத்தது. கோபிப்பதா சிரிப்பதா என்று தெரியாமல் கொஞ்ச நேரம் அந்தக் காலைப் பிடித்துக்கொண்டே நின்றார் மனுசன். பிறகு தொண்டையைச் செருமினார்.

“இந்த வளவுக்க ஒரு துரை போதும். இண்டையில இருந்து இவன் வீமன்.”

குசினி யன்னலுக்குப் பின்னால் நின்ற அன்னபாக்கியத்துக்கு அப்பாடா என்றிருந்தது.

ஆனால் அந்த நாய்க்கு வீமன் யாரென்று தெரியவில்லை. “வீமா, வீமா” என்று இவர்கள் கத்தினால், அடுத்த வளவில் யாரையோ கூப்பிடுகிறார்கள் என்பதுபோல வேறு பக்கம் பார்த்துக்கொண்டு படுத்திருக்கும். பிஸ்கற் காட்டினால் வரும், தின்னும், வாலை ஆட்டும். பிஸ்கற் முடிந்தால் வீமனும் முடிந்தான். ஜிம்மி என்று பார்த்தார்கள், கறுவல் என்று பார்த்தார்கள். ஒன்றுக்கும் அசையவில்லை.

இதற்கிடையில் பக்கத்து வயற்காரன் பழனியாண்டி வந்து படலையில் நின்று, “துரையண்ணை! நிக்கிறியளோ?” என்று குரல் கொடுத்தான். பின்வளவில் குழி தோண்டிக்கொண்டிருந்த நாய் பாய்ந்து வந்து, படலைக்கு மேலால் இரண்டு காலையும் போட்டு அவனுடைய முகத்தை நக்கியது. பின்னால் ஐயாத்துரையும் வந்தார்.

“நான் உங்களைத்தானே அண்ணை கூப்பிட்டன்?”

“ஓம், ஓம். இதைப் பெரிசு படுத்தாத.”

பழனியாண்டி விடுவானா? பின்னேரத்துக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. அதன்பிறகு றோட்டால் போகிறவர்கள் எல்லாம் வேலையில்லாமலே ஒருதரம் துரையண்ணையைக் கூப்பிட்டுவிட்டுப் போனார்கள்.

அறுவடை தொடங்கியது. அந்த முறை குளத்தில் நல்ல தண்ணி, நெல்லும் இடுப்பளவு நின்றது. வெட்டு மெசின் விடியவே வந்து வயலுக்குள் இறங்கிவிட்டது. ஐயாத்துரையும் பழனியாண்டியும் வயலின் அந்தக் கோடியில், தலைப்பு வரம்பில் சாக்குகளோடு நின்றார்கள். அன்னபாக்கியமும் ஜெயரூபியும் தேத்தண்ணியும் அவித்த மரவள்ளியும் கொண்டு இந்தப் பக்கத்தால் வந்தார்கள். கூடவே நாயும் வந்தது.

வரம்பில் ஒரு முயல் எழும்பி ஓடியதை ஜெயரூபிதான் முதலில் கண்டாள். அவள் வாயைத் திறக்க முதல் நாய் நெல்லுக்குள் பாய்ந்துவிட்டது. கறுப்பு முதுகு மறைந்து, நெற்கதிர்கள் மட்டும் கோடாக அசைந்துகொண்டு போயின. அந்தக் கோடு நேரே மெசினின் வாயை நோக்கிப் போனது.

“வீமா! வீமா! வாடா!” ஜெயரூபி வரம்பால் ஓடினாள். மேலே இருந்த றைவருக்கு முன்னால் நிற்கிற நெல்லைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. மெசின் இரைந்துகொண்டு வந்தது. கதிர் அசைவு அதன் கத்திகளுக்கு முன்னால் நின்று நின்று வளைந்தது.

அன்னபாக்கியம் தேத்தண்ணி வாளியைக் கீழே போட்டாள். சேலையை முழங்காலுக்கு மேல் தூக்கிச் செருகினாள். நெஞ்சுக்குள் இருந்த மூச்சு முழுவதையும் சேர்த்துக் கத்தினாள்.

“துரை!”

நெல்லுக்கு மேலால் இரண்டு கறுத்த காதுகள் எழும்பின.

“டேய் துரை! இஞ்சால வாடா!”

காதுகளைக் கண்ட றைவர் பதறிப்போய் மெசினை நிப்பாட்டினான். வயல் ஒரேயடியாக அடங்கியது. அந்த அமைதிக்குள்தான் அவளுடைய மூன்றாவது குரல் போய் விழுந்தது.

“துரை! ஓடி வாடா எண்டால் ஓடி வா, மூதேசி!”

குளக்கட்டில் மாடு மேய்த்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். நாய் நெல்லைப் பிளந்துகொண்டு வந்து அவள் மேல் விழுந்தது. அவள் அதைக் கட்டிப் பிடித்துக்கொண்டு சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டாள். அதே நேரம் அந்தத் தலைப்பில் இருந்து, சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, ஐயாத்துரை வரம்பால் விழுந்தெழும்பி ஓடி வந்துகொண்டிருந்தார். பின்னால் பழனியாண்டி வயிற்றைப் பிடித்துச் சிரித்துக்கொண்டு வந்தான்.

“என்ன? என்ன நடந்தது? ஏன் கூப்பிட்டனி?” மூச்சு வாங்கியது அவருக்கு.

அப்போதுதான், தான் கத்தியது என்னவென்று அன்னபாக்கியத்துக்கு விளங்கியது. சிவந்த முகத்தை நாயின் கழுத்துக்குள் ஒளித்துக்கொண்டாள்.

“உங்களை இல்லையப்பா, நாயைத்தான்,” என்றாள் ஜெயரூபி.

ஐயாத்துரை நாயைப் பார்த்தார். நிற்கிற மெசினைப் பார்த்தார். நடந்ததெல்லாம் அவருக்கு விளங்கியது. வரம்பில் குந்திக்கொண்டு நாயின் தலையைத் தடவினார்.

“மூதேசி எண்டதும் இவனைத்தானே?”

பழனியாண்டியின் சிரிப்பு றைவருக்கும் தொற்றியது, பிறகு ஜெயரூபிக்கு, கடைசியில் அன்னபாக்கியத்துக்கும். கண்ணால் தண்ணி வர வர, நாயை விடாமல் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

அன்று பின்னேரம் ஜெயரூபி போனில் தேடிப் பார்த்துவிட்டு ஒரு வழி சொன்னாள். பழைய பேரை ஒரேயடியாக வெட்டக் கூடாதாம். பழையதையும் புதியதையும் சேர்த்துக் கொஞ்ச நாள் கூப்பிட்டு, பிறகு பழையதை மெல்ல விட வேண்டுமாம்.

“அப்ப அம்மா, சோறு வைக்கிற ஆள் நீங்கள்தானே. துரைவீமன் எண்டு நீங்கள்தான் கூப்பிட வேணும்.”

“எனக்கு ஏலாது பிள்ளை.”

“வயலுக்க ஏலுமாய் இருந்ததே,” என்றார் ஐயாத்துரை, பேப்பரை விட்டுத் தலையைத் தூக்காமல்.

முதல் நாள் அவள் கோப்பைக்குள் சோற்றைக் கொட்டிவிட்டு, சுவரைப் பார்த்துக்கொண்டு முணுமுணுத்தாள். அடுத்த நாள் குரல் கொஞ்சம் எழும்பியது. ஒரு கிழமைக்குள் விடிய எழும்பிப் படுக்கும்வரை “துரைவீமா, செருப்பை விடு”, “துரைவீமா, கோழியைக் கலையாத” என்று வளவு முழுக்க அவளுடைய குரல்தான். அந்தப் பேரைச் சொல்லும்போது நாக்கில் ஏதோ இனிக்கிற மாதிரி இருந்தது அவளுக்கு. அதை அவள் ஒருவருக்கும் சொல்லவில்லை. ஐயாத்துரை தோட்டத்தில் கொத்திக்கொண்டிருக்கும்போது அந்தக் குரல் கேட்டால், மண்வெட்டியை ஊன்றிவிட்டு நின்று கேட்பார்.

சித்திரை பிறக்கும்போது நாய் வீமன் என்ற பேருக்கே ஓடி வந்தது. முன்பாதியை அன்னபாக்கியம் விட்டுவிட்டாள். படலையில் நின்று யார் துரையண்ணையைக் கூப்பிட்டாலும் வீமன் ஒரு காதை மட்டும் ஆட்டிவிட்டுப் படுத்திருந்தான். ஞானமலருக்குப் போன் எடுத்து நடந்ததைச் சொன்னபோது, அவள் சிரித்த சிரிப்பில் பஸ்தியாம்பிள்ளை என்னவோ ஏதோ என்று போனைப் பறித்தாராம்.

அன்று பின்னேரம் ஐயாத்துரை கதிரையை மாமரத்துக்குக் கீழே இழுத்துப் போட்டுச் சாய்ந்திருந்தார். வீமன் அவருடைய காலடியில் கிடந்தான்.

“இவன் பேர் மாறியிட்டான்,” என்றார் குசினிப் பக்கம் பார்த்து. “இனி என்ர பேர் சும்மாதான் கிடக்கும் போல.”

உள்ளே தேத்தண்ணி ஆற்றுகிற சத்தம் கேட்டது. பிறகு அது நின்றது.

“துரை,” என்றாள் அன்னபாக்கியம். “தேத்தண்ணி ஆறப்போகுது, வாங்கோ.”

வீமன் அசையவே இல்லை. அந்த மனுசன் அவ்வளவு கெதியாக எழும்பிக் குசினிக்குள் ஓடி வந்ததை அன்னபாக்கியம் அன்றைக்குத்தான் கண்டாள்.