ஐவி டீச்சரின் பாவசங்கீர்த்தனம்

சாந்தோம் கடற்கரையை ஒட்டிய பெண்கள் பள்ளிக்கூடத்தில் ஐவி டீச்சரின் குரலைத் தெரியாதவர்கள் கிடையாது. ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் கூச்சல் போட்டாலும், அந்தக் கூச்சலுக்கு மேலே ஏறி நின்று கடைசிப் பலகைவரை போய்ச் சேருகிற குரல் அது. சிரிப்பும் அந்தக் குரலுக்கு ஏற்ற சிரிப்புதான். அவள் சிரித்தால் பக்கத்து வகுப்பு டீச்சர் கணக்குப் போடுவதை நிறுத்திவிட்டு எட்டிப் பார்ப்பாள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்திமூன்றாம் வருஷத்து மழைக்காலத்தில் அவளை டைபாய்டு ஜுரம் பிடித்தது. பிழைக்கமாட்டாள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அண்ணன் பிலிப், சுவாமியாரை அழைத்துவந்து, சாகிறவர்களுக்குக் கொடுக்கும் அவஸ்தைப் பூசுதல்கூடக் கொடுத்தாயிற்று. ஆனால் ஒரு காலையில் அவள் கண் விழித்தாள். ஜன்னலில் ஒரு காக்கை உட்கார்ந்து வாயைத் திறந்து திறந்து மூடியது. சத்தம் வரவில்லை. பாவம், காக்கைக்குத் தொண்டை கட்டிவிட்டது என்று நினைத்துக்கொண்டாள். அப்புறம் அண்ணி ஐரின் ஓடிவந்து அவளும் வாயைத் திறந்து மூடியபோதுதான் விஷயம் புரிந்தது.

ஜுரத்தில் நரம்பு கெட்டுவிட்டது, இனிமேல் காது திரும்பாது என்று டாக்டர் பிலிப்பிடம் சொன்னார். பள்ளிக்கூடத்தில் கிறிஸ்துமஸ்வரை இடத்தைக் காலியாக வைத்திருந்து பார்த்தார்கள். பிறகு வேறொரு பெண்ணைப் போட்டார்கள். வேப்பேரிப் பக்கம் பேசிக்கொண்டிருந்த ஒரு வரன் சத்தமில்லாமல் ஒதுங்கிக்கொண்டது. சத்தத்தோடு ஒதுங்கியிருந்தாலும் தனக்குக் கேட்டிருக்காது என்று ஐவியே பின்னாளில் சொல்வதுண்டு. அப்போது அப்படிச் சொல்கிற நிலையில் அவள் இல்லை. வயது இருபத்தாறு. தாய் தகப்பன் இல்லை. அண்ணன் வீட்டுக் கூடத்தில், ஜுரத்துக்காக வெட்டிய தலைமயிர் முள்முள்ளாக வளர்ந்துகொண்டிருக்க, சும்மா உட்கார்ந்திருந்தாள்.

வீட்டில் யாரும் அவளைக் கடிந்துகொண்டதில்லை. ஐரின் தன் குழந்தையின் சிலேட்டுப் பலகையை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டு அலைந்தாள். “சாப்பிடு” என்று எழுதிக் காட்டுவாள். “தூங்கு” என்று எழுதிக் காட்டுவாள். அதற்குமேல் எழுத வீட்டு வேலை விடாது. ராத்திரிச் சாப்பாட்டில் பிலிப் துறைமுக ஆபீஸ் கதை ஏதாவது சொல்வான். எல்லோரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். ஐவியும் அவர்கள் முகத்தைப் பார்த்துவிட்டு, ஒரு கணம் பிந்தி, தானும் சிரிப்பாள். அப்படிச் சிரித்த பிறகு சோறு இறங்காது.

அவளுக்கு ஆறுதலாக இருந்த இடம் ஒன்றே ஒன்றுதான். தெருக்கோடியில் இருந்த சின்ன மாதா கோயில். காலைப் பூசைக்குப் போய் வழக்கமான இடத்தில் முழந்தாளிட்டால் மனசு லேசாகும். சுவாமியார் பீடத்தைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டு லத்தீனில் வாய்க்குள்ளேயே முணுமுணுப்பார். நல்ல காது உள்ளவர்களுக்கும் அது கேட்காது; கேட்டவர்களுக்கும் புரியாது. எல்லோரும் அவர் முதுகைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சுவாமியார் அப்பத்தை உயர்த்துகிற எழுந்தேற்றத்துக்கு மணி அடிக்கும்போது முன்வரிசைத் தலைகள் நாணல் சாய்வதுபோலச் சாயும். அதைப் பார்த்து இவளும் குனிவாள். கோயிலுக்குள் இருக்கிற அரைமணி நேரம் மட்டும் ஐவி செவிடு இல்லை. மற்றவர்கள் எப்படியோ அவளும் அப்படி.

ஆனால் அந்த இடத்திலும் ஒரு முள் இருந்தது. காது வேண்டும் என்று கேட்டுக் கேட்டு அலுத்துப்போய், அவள் சர்வேசுரனிடம் எதையும் கேட்பதையே நிறுத்திவிட்டிருந்தாள். வருவாள், முழந்தாளிடுவாள், பேசமாட்டாள். மனஸ்தாபப்பட்ட உறவுக்காரர் வீட்டுக்குக் கல்யாணத்துக்காக வந்து போவதுபோல.

ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் தபசுகாலம் வந்தது. ஈஸ்டர் பாஸ்காவுக்குள், செய்த பாவங்களைச் சுவாமியாரிடம் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் பண்ணியாக வேண்டும். சுவாமியார் சொல்வது தனக்கு எப்படிக் கேட்கும் என்று ஐவி தயங்கினாள். ஐரின் போய்க் கேட்டுவந்தாள். ராஜநாயகம் சுவாமி சாது. அவர் ஒரு வழி சொன்னார்: பாவசங்கீர்த்தனம் கேட்கிற மரத்தொட்டியின் கம்பிக்கதவில் இருக்கும் திரையை விலக்கி வைக்கிறேன், அவள் பாவத்தைச் சொல்லட்டும், அபராதமாக எத்தனை செபமாலையோ அத்தனை விரலைக் காட்டுகிறேன்.

ஒரு சனிக்கிழமை பிற்பகல் ஐவி போனாள். முடிந்ததும் லஸ் கடைவீதிக்குப் போய் நூல் வாங்குவதாக ஏற்பாடு. அதற்காகப் பக்கத்து வீட்டு ஹாஜிரா பீ கூட வந்து, கோயிலின் பக்கவாட்டு ஜன்னலுக்கு வெளியே படியில் உட்கார்ந்திருந்தாள். ஹாஜிரா பீ தொப்பிக்கும் தாவணிக்கும் ஜரிகைப் பூ போடுகிறவள். ஐவிக்கும் அந்த வேலையில் கொஞ்சம் கை பழகியிருந்தது. உள்ளே தொட்டிக்கு முன்னால் பெண்கள் வரிசையாக நின்றார்கள். ஐரின் இருந்தாள். மீன் விற்கிற தாயம்மா இருந்தாள். தெருப் பெண்களில் பாதிப் பேர் இருந்தார்கள்.

காது போனவர்களுக்குத் தங்கள் குரலின் அளவு தெரியாது. ஐவிக்கு இதை யாரும் சொல்லியிருக்கவில்லை. கம்பிக்கதவுக்குப் பக்கத்தில் வாயை வைத்து, ரகசியம் பேசுவதாக நினைத்துக்கொண்டு, ஒன்றாம் வகுப்பில் பேசிய அதே குரலில் ஆரம்பித்தாள்.

“சாமி, மொதல் பாவம். அண்ணி தெனமும் கேழ்வரகுக் கஞ்சி காச்சிக் குடுக்கறாங்க. எனக்கு அதைக் கண்டாலே கொமட்டுது. குடிச்சிட்டேன்னு பொய் சொல்லிட்டு, ஜன்னல் வழியா ஹாஜிரா பீ ஆட்டுக்கு ஊத்திடறேன். ஆடு கொழுத்துப் போச்சி.”

சுவாமியார் திடுக்கிட்டு, மெதுவாகப் பேசு என்று உள்ளங்கையை விரித்து அமர்த்திக் காட்டினார். ஐவி பார்த்தாள். ஐந்து விரல். ஒரு கஞ்சிக்கு ஐந்து செபமாலையா என்று அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. இருந்தாலும் மனசில் இருப்பதை மறைக்கக்கூடாது என்று தொடர்ந்தாள்.

“வீட்ல எல்லாரும் சிரிக்கறப்போ நானும் சிரிக்கறேன், சாமி. எதுக்குன்னு எனக்கு ஒண்ணுமே தெரியாது. அதுவும் பொய்தானே? காது போனதைக்கூடப் பொறுத்துக்குவேன். யாரும் எங்கிட்ட கதை பேசறதில்ல. சாப்பிடு, தூங்கு, அவ்வளவுதான். வீட்ல ஒரு பூனை இருந்தா அதுங்கிட்ட இதைவிட ஜாஸ்தி பேசுவாங்க. சர்வேசுரன் மேலயும் கோவமா இருக்கேன். என்னை இப்படிப் பண்ணிட்டு அவர் பாட்டுக்கு சும்மா இருக்காரு. நானும் அவர்கூடப் பேசறதை விட்டுட்டேன்.”

சுவாமியார் இரண்டு கைகளையும் தூக்கி ஆட்டினார். பத்து.

ஊரில் பெயர்போன திருடனுக்கும் பத்துச் செபமாலை கிடைத்திருக்காது. ஐவி தலைகுனிந்து மன்னிப்பு வாங்கிக்கொண்டு வெளியே வந்தாள். வரிசையில் நின்றவர்களைப் பார்த்ததும் அவளுக்குப் பெரிய ஆச்சரியம். ஐரின் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். தாயம்மா கூரையை அண்ணாந்து பார்த்தாள். இரண்டொருவர் தோள் குலுங்க முகத்தை மூடிக்கொண்டிருந்தார்கள். இந்த வருஷம் எல்லோருக்கும் தங்கள் பாவத்தை நினைத்து நல்ல மனஸ்தாபம் வந்திருக்கிறது என்று ஐவி நினைத்தாள். சுவாமியார் தொட்டியை விட்டு வெளியே வந்து அவர்களிடம் விரலை ஆட்டி ஏதோ கண்டிப்பாகச் சொன்னதும், அவர்கள் தலையாட்டியதும் தெரிந்தது. அது என்ன என்று தெரியவில்லை.

ஹாஜிரா பீயைப் போகச் சொல்லிவிட்டு, மாதா சுரூபத்துக்கு முன்னால் உட்கார்ந்து பத்துச் செபமாலையையும் சொல்லத் தொடங்கினாள். முதல் இரண்டும் வேகமாக, வீம்பாக ஓடின. அதற்கப்புறம் வீம்பு தளர்ந்தது. மனசில் இருந்ததை எல்லாம் சொல்லியாயிற்று, கோபத்தைக்கூடச் சொல்லியாயிற்று, கூரை இடிந்து விழவில்லை. மணிகள் விரலில் உருள உருள, கடல்காற்று கதவு வழியாக வந்து மெழுகுவர்த்திச் சுடரைச் சாய்த்தது. பல மாதமாகப் பேசாத ஒருவரோடு பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருப்பதுபோல இருந்தது. இன்னும் பேச்சு தொடங்கவில்லை. ஆனால் முகம் திருப்பிக்கொள்ளவும் இல்லை. விளக்கு வைக்கிற நேரத்துக்கு எழுந்தபோது கால் இரண்டும் மரத்துப்போயிருந்தன. மனசு குளித்தெழுந்ததுபோல இருந்தது.

மறுநாளிலிருந்து வீட்டில் அதிசயங்கள் நடந்தன. கஞ்சி வரவில்லை, அதற்குப் பதில் மீன்குழம்பு வந்தது. ஐரின் சிலேட்டின் இரண்டு பக்கமும் எழுதினாள். இடம் போதாமல் அடுப்படித் தரையில் சுண்ணாம்புக் கட்டியால் எழுதினாள். எதிர்வீட்டு மருமகள் கோபித்துக்கொண்டு போன கதை, அம்மிக்கல்லில் தொடங்கி வாசற்படிவரை நீண்டது. ராத்திரி பிலிப் கதை சொல்லி முடித்ததும், ஐவிக்கு எதிரே வந்து உட்கார்ந்து, உதட்டைப் பிரித்துப் பிரித்து, மேலதிகாரி வழுக்கி விழுந்ததைக் கைகாலால் நடித்துக் காட்டினான். தாயம்மாவோ, தான் போலீஸ்காரனோடு சண்டை போட்டதைக் கூடையை இறக்கிவைத்துவிட்டு வாசலிலேயே ஆடிக் காட்டினாள். போலீஸ்காரனாகவும் அவளே, தாயம்மாவாகவும் அவளே. ஐவிக்கு உதட்டைப் படிக்கிற பழக்கம் இப்படித்தான் வந்தது.

பத்துச் செபமாலை இவ்வளவு சீக்கிரம் பலித்தது அவளுக்குக் கொஞ்சம் பயமாகக்கூட இருந்தது. கோயிலுக்குப் போய், வெட்கத்தோடு, ஸ்தோத்திரம் என்று ஒரு வார்த்தை மட்டும் சொல்லிவிட்டு வந்தாள்.

பாஸ்காவுக்கு முந்தைய பெரிய வாரம், புதன்கிழமை. ஹாஜிரா பீயின் வீட்டில் இருவரும் ஜரிகை வேலை செய்துகொண்டிருந்தார்கள். வெற்றிலைச் சிவப்பான அவள் உதட்டைப் படிப்பது ஐவிக்குச் சுலபம். கேட்காமலே வரம் கிடைத்ததை ஐவி மெய்ம்மறந்து சொல்லிக்கொண்டிருந்தாள். ஹாஜிரா பீ ஊசியைக் கீழே வைத்தாள்.

“டீச்சரம்மா, தெருவே சொல்லாம அடக்கிக்கினு கீது. உங்க சாமியாரு வாயைத் தெறந்தா பாவம்னு சொல்லிட்டாராம். எனக்கு அந்தச் சட்டம் கெடையாது. நீ அன்னிக்கி பேசுனது லஸ் வரைக்கும் கேட்டிருக்கும். நான் காதைப் பொத்திக்கலாம்னுதான் பாத்தேன். என் ஆட்டைப் பத்திப் பேச்சு வந்திச்சா, உட்டுட்டேன்.”

ஐவிக்கு முகத்தில் ரத்தம் ஏறியது. எழுந்து நேரே வீட்டுக்கு வந்து ஐரினை நிறுத்தி, தான் பேசியதை எல்லோரும் கேட்டது உண்மையா என்றாள். ஐரின் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு தலையை ஆட்டினாள், ஆமென்றும் இல்லையென்றும் சேர்த்து. ஐவி உள்ளே போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். எல்லோரும் காட்டிய அன்பு வெறும் இரக்கம் என்று தோன்றியது. இனி அந்தக் கோயிலில் எந்த முகத்தோடு முழந்தாளிடுவது? வியாழக்கிழமை அவள் போகவில்லை.

பெரிய வெள்ளியன்று வீட்டில் எல்லோரும் போனபிறகு, ஜெபப் புத்தகத்தை எடுத்துப் பாடுகளை வாசித்தாள். வருஷாவருஷம் கேட்ட வரிகள்தான். அன்று ஒரு சொல் அவளைப் பிடித்து நிறுத்தியது. சிலுவையில் தொங்கிக்கொண்டு, ஏன் என்னைக் கைவிட்டீர் என்று ஆண்டவர் கேட்டது ரகசியத்தில் இல்லை. உரத்த குரலில் கேட்டார். கூட்டம் கூடி நின்றது, தாயார் நின்றார்கள், வழியே போனவனும் கேட்டான். அவர் தம் பிதாவிடம் முறையிட்டதை ஊரே கேட்டது. அதை எழுதிவைத்து இத்தனை காலமாக எல்லோரும் வாசிக்கிறார்கள்.

ஐவி புத்தகத்தை மூடினாள். “நீங்களும் மெதுவா பேசலையா” என்றாள். ஸ்தோத்திரம் என்ற அந்த ஒரு வார்த்தையை விட்டால், நெடுநாள் கழித்து அவள் அவரிடம் பேசிய முதல் பேச்சு அது. எவ்வளவு சத்தமாகச் சொன்னாளோ தெரியாது, தெரிந்துகொள்ளவும் தோன்றவில்லை.

புடவையை மாற்றிக்கொண்டு கோயிலுக்கு ஓடினாள். சிலுவைக்கு முத்தமிட்டு முத்தி செய்ய வரிசை நின்றது. அன்று கோயிலில் மணி அடிப்பதில்லை; சனங்கள் மரக்கட்டை தட்டுவதைக் கேட்டு நகர்ந்தார்கள். அதே பெண்கள். அவளைக் கண்டதும் எல்லோரும் அவசரமாகத் தரையைப் பார்த்தார்கள். தாயம்மா மட்டும் தள்ளி நின்று தனக்கு முன்னால் இடம் கொடுத்தாள். அவள் கண் கலங்கியிருந்தது. உதடோ சிரிப்பை அடக்கப் படாத பாடு பட்டது. அதைப் பார்த்த ஐவிக்கு, தான் சொன்னது முழுவதும் ஞாபகம் வந்தது. பூனை, ஆடு, எல்லாம். பெரிய வெள்ளியன்று கோயிலில் சிரிப்பது எவ்வளவு பெரிய பாவம் என்று அவளுக்குத் தெரியும். வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு, கண்ணில் நீர் வழிய வழிய நகர்ந்துபோய்ச் சிலுவையை முத்தி செய்தாள். அது அழுகையா சிரிப்பா என்று கேட்டால் அவளாலேயே சொல்லியிருக்க முடியாது.

பாஸ்கா ஞாயிறன்று ஹாஜிரா பீ வீட்டிலிருந்து பிரியாணி வந்தது. அந்த ஆடு இல்லை என்று அவள் முதலிலேயே சத்தியம் பண்ணினாள். அதன்பிறகு ராஜநாயகம் சுவாமி ஐவியின் பாவசங்கீர்த்தனத்தைக் கடற்கரையில், அலை ஓயாமல் அடிக்கிற இடத்தில், நாற்காலி போட்டுக் கேட்கத் தொடங்கினார்.

ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்தபோது, தையல் வகுப்புக்கு ஆள் தேவைப்பட்டது. பள்ளிக்கூடத்தை நடத்தும் கன்னியர் மடத்துத் தாயார் ஐவியைக் கூப்பிட்டனுப்பினார். கூச்சலுக்குக் கோபிக்காத ஒரே டீச்சர் என்று பிள்ளைகளுக்கு அவள்மேல் கொள்ளை ஆசை. ஹாஜிரா பீ வரைந்து கொடுத்த பூங்கொடியை வைத்து, பிள்ளைகள் பீடத்துக்கு ஒரு ஜரிகைத் துணி தைத்தார்கள். ஆகஸ்டில் மாதா திருநாளன்று அது பீடத்தில் விரிந்திருந்தது. பாட்டுப் பூசை. பாடகர் கூட்டத்தின் வாய்கள் அகலமாகத் திறந்து மூடின. பக்கத்தில் இருந்த ஐரின் முகத்தைச் சுளித்து, ஐவியின் பக்கம் திரும்பி, சத்தம் வராமல் உதட்டை மட்டும் அசைத்தாள்.

“சுருதியே சேரலை. நீ குடுத்து வெச்சவ.”

ஐவி அவள் தொடையில் ஒரு கிள்ளு கிள்ளிவிட்டு, முன்வரிசைத் தலைகள் சாய்வதைக் கண்டு, தானும் தலைகுனிந்தாள்.