கோவர்த்தனபுரத்துக் கற்கள்

முள்ளுக்காட்டை வாங்கித் தெரு பிரித்து, நகர் என்று ஒரு பெயர் வைத்து விற்பதில் கோவர்த்தனன் கெட்டிக்காரர். திருப்பதியில் யூனிவர்சிட்டி வந்ததும் அந்தப் பக்கம் இரண்டு நகர் போட்டு விற்றார். அதோடு சும்மா இருந்திருக்கலாம். சொந்த ஊரான நகரிப் பக்கத்தில் தன் பேரில் ஒரு கோவர்த்தனபுரம் எழுப்பியே தீருவது என்று கிளம்பினார். பங்காருபாளையத்து மாந்தோப்பை, மனைவி அம்சவேணி வாயைத் திறப்பதற்குள் விற்று, ரயிலடிக்குக் கிட்டே மேட்டு நிலத்தை வாங்கிப் போட்டார். இதுவும் போனால் கையில் வேறு எதுவும் இல்லை.

நேரம் காலம் பார்த்தாரா மனிதர்? ஆந்திரா தனியாகப் பிரிந்து, எந்த ஊர் எந்தப் பக்கம் என்று எல்லைத் தகராறு கொதித்துக்கொண்டிருந்தது. கோடு ஊருக்கு நடுவே போகப்போகிறது, வீடு ஆந்திராவில் இருக்கும், கழனி மெட்ராஸில் இருக்கும் என்று ஆளுக்கொரு வதந்தி. அந்த நேரத்தில் மேட்டில் வரிசையாக வெள்ளையடித்த கல்லை நட்டு வைத்தால் ஜனங்கள் சும்மா இருப்பார்களா?

விடிந்து போய்ப் பார்த்தால் ஒரு கல்கூட நட்ட இடத்தில் இல்லை.

"கெவர்மெண்டு எல்லைக் கல்லுன்னு நெனச்சிக்கினாங்க மொதலாளி," என்றான் குழி தோண்டிய மேஸ்திரி துலுக்காணம். "ஊர ரெண்டாப் பொளக்க வந்துட்டாங்கன்னு புடுங்கிப் போட்டுட்டாங்க."

"மனைக் கல்லுய்யா அது! தெருவுக்கு நட்டது! எத்தினி வாட்டிதான் சொல்றது?"

மறுபடி நட்டார். மறுபடி பிடுங்கினார்கள். தெரு அளவு பார்க்க ஆபீஸர் வெள்ளிக்கிழமை வருகிறார். கல் இல்லையென்றால் மனை விற்க அனுமதி கிடையாது. கோவர்த்தனன் தலையில் அடித்துக்கொண்டு கடைக்குப் போய் மஞ்சளும் குங்குமமும் வாங்கி வந்தார். ஒரு கல் விடாமல் மஞ்சள் பூசி, தன் கையாலேயே பொட்டு வைத்தார். அந்தப் பக்கத்தில் மஞ்சள் பூசிய கல் என்றால் கங்கையம்மா. எவன் கை வைப்பான்?

எவனும் வைக்கவில்லை. ஆபீஸர் வந்து, சங்கிலி போட்டு அளந்து, நன்றாக இருக்கிறது என்று தெலுங்கில் "பாகுந்தி" சொல்லி அனுமதி கொடுத்தார். மனைகள் மளமளவென்று விற்றன. வந்த பணத்தை அப்படியே ரோட்டிலும் கிணற்றிலும் போட்டார். விஷயம் அத்தோடு நின்றிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்!

மணியம்மா என்று ஒருத்தி. காலமெல்லாம் அடுத்தவர் கழனியில் கூலி செய்து, அப்போதுதான் ஏரிக்கரையில் ஒரு துண்டு நிலம் சொந்தமாகக் கிடைத்திருந்தது. அது கோட்டுக்கு அந்தப் பக்கம் போய்விடக் கூடாதே என்று மூலைக் கல்லுக்குக் கூழ் ஊற்றி வேண்டிக்கொண்டாள். அவளைப் பார்த்து ஊரே வேண்டிக்கொண்டது. காவலுக்கு ஆள் போடும் செலவு மிச்சம் என்று கோவர்த்தனன் சிரித்தார்.

ஒருவழியாக எல்லை முடிவானது. எந்தெந்த ஊரோ கைமாறியது. இந்த ஊர் மட்டும் ஏரியும் கழனியுமாக, பிளவுபடாமல் அப்படியே நின்றது. போதாதா? கல்லுக்குச் சக்தி வந்துவிட்டது. ஆடு வெட்டிப் பொங்கல் வைத்தார்கள்.

மனை வாங்கி, வீட்டுக்குக் கடைக்கால் போட வந்த ஸ்டேஷன் கிளார்க் வேதாச்சலம் மிரண்டு போனார்.

"இன்னா சார் இது? நாலு மூலையிலயும் அம்மன் ஒக்காந்துக்கினு இருக்குது. நடுவுல நான் குடும்பம் நடத்தறதா? கல்ல எடுத்துக் குடுங்க, இல்லன்னா பணத்தத் திருப்பிக் குடுங்க."

அவரைப் பார்த்து மற்றவர்களும் வந்து நின்றார்கள். கல்லை எடு என்றதும் துலுக்காணம் கடப்பாரையைக் கீழே போட்டுவிட்டுப் போய்விட்டான். கோவர்த்தனன் ஆத்திரத்தோடு அதைத் தானே எடுத்துக்கொண்டு போனார். மூலைக் கல்லுக்கு முன்னால் மணியம்மா நின்றுகொண்டிருந்தாள்.

"நவுரு. இது வெறுங் கல்லு. நானே வண்டி வச்சி ஏத்தியாந்தேன்."

"தெரியும் மொதலாளி. எல்லா அம்மனும் கல்லாத்தான் வந்தாங்க. நீதான பொட்டு வச்சே? உன் கையால வச்சதத்தான் நாங்க கும்புட்டோம்."

"ஐயோ! எவனும் புடுங்கக் கூடாதேன்னு வச்சேன்மா!"

"அதான், எவனும் புடுங்கலியே."

கோவர்த்தனனுக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தன. யாரைத் திட்டுவது? கடப்பாரையை ஓங்கினார். கல்லில் அப்பியிருந்த குங்குமத்தைப் பார்த்தார். கை இறங்க மாட்டேன் என்றது. அவரும் அந்த ஊரில் பிறந்தவர்தானே?

பின்னால் காலடிச் சத்தம் கேட்டது. அம்சவேணி விளக்கும் எண்ணெயுமாக வந்துகொண்டிருந்தாள்.

"நீயுமா?" என்றார்.

"ஊரு கட்டுறேன்னு தோப்ப வித்தீங்க. ஊரும் இல்ல, தோப்பும் இல்ல. இனிமே நம்மளுக்கு இந்த அம்மன வுட்டா யாரு?" என்றாள் அம்சவேணி. "நவுருங்க, வெளக்கு ஏத்தணும்."

கோவர்த்தனன் கடப்பாரையைக் கீழே வைத்துவிட்டு, செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டார்.