வால்வு ஊதவில்லை

விடியும் முன்பே களத்தில் ஆவி பறந்தது. வெந்த நெல்லைச் சுடச்சுடக் கொட்டி, பலகையால் இழுத்துப் பரப்பிக்கொண்டிருந்தாள் கலாவதி. உள்ளங்கால் கொதித்தது. கூட இருந்த பெண்கள் யாரும் பேசவில்லை. பேசினால் மூச்சு வாங்கும்.

ஓரிக்கையை ஒட்டிய அந்த ரைஸ் மில்லில் கடிகாரம் பார்த்து யாரும் நெல்லைக் கிளறுவதில்லை. பாய்லரில் அழுத்தம் ஏறும்; சேஃப்டி வால்வு ‘உஸ்ஸ்’ என்று ஆவியைக் கக்கும்; அதைக் கேட்டதும் பெண்கள் பலகையைத் திருப்பிப் பிடித்துக் கிளறுவார்கள். அதுதான் வழக்கம்.

இன்றைக்கு வெயில் ஏறிவிட்டது. வால்வு ஊதவே இல்லை.

“நல்லதாப் போச்சு, கொஞ்சம் குந்தலாம்” என்று சிரித்தாள் துர்காதேவி.

கலாவதி சிரிக்கவில்லை. கிளறாத நெல் மேலே காய்ந்து, அடியில் வேர்த்துக் கிடந்தது. புகைபோக்கியிலோ கரும்புகை திரண்டு எழுந்தது. நெருப்பு எரிகிறது. ஆவி எங்கே?

பலகையைப் போட்டுவிட்டு பாய்லர் கொட்டகைக்கு நடந்தாள்.

பாய்லர்காரர் ரியாஸ் அடுப்பில் உமியை வாரிப் போட்டுக்கொண்டிருந்தார். தலைக்கு மேலே, வால்வின் கைப்பிடி கட்டுக்கம்பியால் சுற்றி இறுக்கப்பட்டிருந்தது.

“இன்னா பாய் இது?”

“மொதலாளி கட்டச் சொன்னாரு. ஆவி வீணாப் போவுதாம். காலேஜ் பசங்க வர்றாங்களாம், சத்தம் வரக் கூடாதாம்.”

“வெடிச்சா?”

ரியாஸ் அழுத்தமானியைக் காட்டினார். முள் சிவப்புக் கோட்டைத் தாண்டி நடுங்கியது. “எனக்கு முன்னாடி இருந்தவன் எதிர்த்துப் பேசினான். இப்ப வூட்ல குந்திக்கினு இருக்கான். நான் இன்னா பண்றதுமா?”

வாசலில் வேன் நின்றது. உணவுத் தொழில்நுட்பம் படிக்கும் மாணவர்கள் இறங்கினார்கள். முன்னால் முதலாளி தினகரன்.

“காஞ்சிபுரம்னா பட்டுன்னு மட்டும்தான் சொல்றாங்க. இங்க நெல்ல நம்பி எத்தனை குடும்பம் தெரியுமா? வயலு, மில்லு, லாரி, கடை! தவிட்டுல எண்ணெய், உமியில நெருப்பு, எதுவும் வீண் கிடையாது. குவாலிட்டி, பேக்கிங், எக்ஸ்போர்ட்டுன்னு உங்களுக்கு வேலை காத்துக்கினு இருக்குது. வாங்க, பாய்லரப் பாக்கலாம்.”

கலாவதி குறுக்கே நின்றாள். “யாரும் உள்ள வராதீங்கபா. வால்வக் கட்டிப் போட்டுருக்குது.”

“ஏய், களத்துக்குப் போ!”

“நெருப்ப எடுக்கச் சொல்லுங்க. போறேன்.”

“நீ இன்னா இன்ஜினியரா? ரியாஸ், உமி போடு!”

ஒரு மாணவி அண்ணாந்து கம்பியைப் பார்த்தாள். “சார், நாங்க வேலைக்கு வந்தா எங்க தலைக்கு மேலயும் இது இருக்குமா?”

தினகரன் வாய் திறப்பதற்குள் பாய்லருக்குள் ‘டொக்’ என்றது. மறுபடியும், பலமாக.

ரியாஸ் உமிக் கூடையை வீசினார். “இனிமே போடமாட்டேன். கலாவதி, எல்லாரையும் கேட்டுக்கு ஓட்டு!”

மாணவர்கள் சிதறி ஓடினார்கள். களத்துப் பெண்களைக் கேட்டுக்கு விரட்டினாள் கலாவதி. ரியாஸ் இரும்புக் கொக்கியை அடுப்புக்குள் விட்டு, எரியும் உமியை இழுத்துத் தள்ளினார். அனலில் புருவம் பொசுங்கியது. பக்கத்தில், நெல் கிளறும் இரண்டு பலகைகள் நீண்டன. கலாவதியும் துர்காதேவியும்.

“போங்கடி! சாவப் போறீங்களா?”

“நீ தனியா எவ்ளோ இழுப்ப? பேசாம இழு பாய்!” என்றாள் கலாவதி.

“உங்க எல்லாருக்கும் இன்னையோட வேலை காலி!” வேனுக்குப் பின்னால் ஒளிந்தபடி கத்தினார் தினகரன்.

அடுப்பு வெறுமையானது. முள் இறங்கவில்லை. மூவரும் கேட்டுக்கு ஓடினார்கள். களத்துப் பெண்கள் சாலையோரம் உட்கார்ந்திருந்தார்கள். கொட்டகைக்குள் இரும்பு முனகிக்கொண்டே இருந்தது.

“பாய்லர் இன்ஸ்பெக்டர் வந்து பாக்கற வரைக்கும் அடுப்பு எரியாது” என்றாள் கலாவதி.

“நாளைக்கே வேற ஆளக் கொண்டாருவேன்” என்றார் தினகரன்.

அப்போது திருப்புட்குழியிலிருந்து நெல் லாரி வந்தது. டிரைவர் மணிவண்ணன் தலையை நீட்டினான். “இன்னாக்கா, ரோட்ல குந்திக்கினு?”

கலாவதி நடந்ததைச் சொன்னாள். அவன் கொட்டகையைப் பார்த்தான். முதலாளியைப் பார்த்தான். எஞ்சினை அணைத்தான். மூட்டைகளின் மேலிருந்து சுமைக்காரர்கள் ஒவ்வொருவராகக் குதித்தார்கள்.

“மூட்டை எறங்காது மொதலாளி” என்றான் மணிவண்ணன்.

தினகரன் போனில் யாரையோ கூப்பிட்டுக்கொண்டிருந்தார். யாரை என்று தெரியவில்லை. போலீஸாக இருக்கலாம்.

துர்காதேவி நகர்ந்து லாரிக்காரர்களுக்கு இடம் விட்டாள்.

“தள்ளிக் குந்துங்கபா. இன்னும் ஆளு வரும்.”